எறிந்துவிட்ட எலும்புகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், நியண்டர்தால் மனிதர் யானையை வேட்டையாடினார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "பார்த்தவர் யார்?" கேட்க வேண்டிய கேள்வி. பார்த்தவர் எவரும் இல்லை. எலும்புகள்தான் இருக்கின்றன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் எலும்புக்கே கொடுத்துவிட்டேன். கொழும்பில் இருபத்தொன்பது வருடம் உயர்தர மாணவருக்கு விலங்கியல் படிப்பித்தவள் நான். சமையலில் மிஞ்சும் எலும்பைக் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் போடும் பழக்கம் ஓய்வுபெற்ற பின்னும் என்னை விடவில்லை.

நியண்டர்தால் என்றால் யார் என்று கேட்டிருப்பவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். 1856இல் ஜேர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகளால் பெயர் பெற்றவர்கள் அவர்கள். ஐரோப்பாவிலும் மேற்கு, மத்திய ஆசியாவிலும் சில இலட்சம் ஆண்டுகள் வாழ்ந்து, ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோனார்கள். நமக்கு மூதாதையர் என்பதைவிட ஒன்றுவிட்ட சகோதரர் என்பதே பொருந்தும்.

கேள்வி: எலும்பில் உள்ள கீறல் மனிதன் வெட்டியதா, விலங்கு கடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
(உயர்தர உயிரியல் மாணவர், வெள்ளவத்தை)

தம்பி, இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கைவில்லையும் ஓர் ஆட்டுக்காலும் போதும். போன சனிக்கிழமை சந்தையில் வாங்கிய ஆட்டுக்கால் எலும்பு ஒன்று இதை எழுதும்போது என் மேசையில் கிடக்கிறது. மூட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நான்கு கோடுகள். மயிரிழைபோல ஒடுங்கி, ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் சமாந்தரமாக ஓடுகின்றன. கைவில்லையைக் கிட்டப் பிடித்தால் ஒவ்வொரு கோடும் மேலே சற்று விரிந்து அடியில் கூராக முடிகிற சிறு வாய்க்காலாகத் தெரிகிறது. தசைநார் எலும்பைப் பற்றியிருந்த இடம் அது. இறைச்சியைக் கழற்றுகிறவரின் கத்தி அங்கேதான் தடக்கும்.

அதே ஆட்டின் இன்னோர் எலும்பை எங்கள் ஒழுங்கையில் திரியும் நாய்க்கு இரண்டு நாள் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். முனையில் குமிழாக இருந்த மூட்டுப் பகுதியையே காணவில்லை. விளிம்பு கிழிந்த ஓலைபோல ஒழுங்கற்று நிற்கிறது. ஓரமெல்லாம் சிறு குழிகள். கீறல்களும் இருக்கின்றன, ஆனால் அவை அகன்றவை, ஆழம் குறைந்தவை, அடி உருண்டவை. பல்லுக்குக் கத்தியின் கூர் கிடையாது அல்லவா?

கற்கருவியின் விளிம்பு நம் கத்தியைப்போல வழுவழுப்பானதல்ல. அதனால் அது வெட்டிய தழும்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வாய்க்காலுக்குள்ளேயே நீளவாக்கில் இன்னும் மெல்லிய கோடுகள் ஓடும். உள்ளிருக்கும் கொழுப்பான மச்சைக்காக எலும்பைக் கல்லால் அடித்து உடைத்திருந்தால் அடிபட்ட விளிம்பில் பிறைபோல ஒரு வெட்டு விழும். உட்பக்கத்தில் சில்லுப் பெயர்ந்த வடு இருக்கும்.

தழும்பு இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். இறைச்சியே இல்லாத குளம்புப் பக்கத்து எலும்பில் கீறல் என்றால் தோல் உரித்திருக்கிறார்கள். தாடையின் உட்பக்கத்தில் என்றால் நாக்கை அறுத்தெடுத்திருக்கிறார்கள். விலா எலும்பின் உட்புறத்தில் என்றால் குடல், ஈரல் எல்லாம் உள்ளே இருக்கும்போதே கத்தி போயிருக்கிறது. சிங்கமோ ஓநாயோ முதலில் வந்திருந்தால் தின்று தீர்ப்பது அந்தக் குடலையும் ஈரலையும்தான். எனவே அங்கே மனிதர்தான் முந்தியவர்கள். ஒரு வெட்டுத் தழும்பின் குறுக்கே கழுதைப்புலியின் பல் பதிந்திருந்தால், அது பிறகு வந்து மிச்சத்தைத் தின்றது என்று ஒழுங்குமுறையும் தெரிந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. மணலில் கிடக்கும் எலும்பை மாடு மிதித்தாலும் மெல்லிய கோடுகள் விழும். வேர்கள் எலும்பை அரித்து நெளிநெளியாகத் தடம் விடும். அகழ்கிறவரின் கரண்டியும் கீறும், ஆனால் அந்தப் புதுக் கீறல் வெளிறித் தெரியும். இவற்றையெல்லாம் கழித்த பிறகே வெட்டுத் தழும்பு என்று எழுத வேண்டும்.

கேள்வி: நியண்டர்தால்கள் வேட்டைக்காரர் அல்லர், சிங்கமும் கழுதைப்புலியும் விட்டதைப் பொறுக்கித் தின்றவர்கள் என்று நான் முன்பு வாசித்திருக்கிறேன். நீங்கள் யானை வேட்டை என்கிறீர்கள். எது சரி?
(ஓய்வுபெற்ற தபாலதிபர், கொட்டாஞ்சேனை)

ஐயா, நீங்கள் வாசித்தது பிழையல்ல. அக்காலத்து அறிஞர்கள் சிலர் அப்படித்தான் எழுதினார்கள். 1980களில் அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்ட் இந்தக் கருத்தை வலுவாக முன்வைத்தார். காரணமும் இருந்தது. சில குகைகளிலிருந்து வந்த எலும்புத் தொகுதிகளில் தலையும் பாதமும் ஏராளம். இறைச்சி நிறைந்த தொடை, மேற்கை எலும்புகளோ மிகக் குறைவு. வேட்டையாடியவன் தொடையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு குகைக்கு வருவானா? நல்ல பாகத்தை மிருகம் தின்றுவிட்டது, இவனுக்குக் கிடைத்தது மிச்சம். வாதம் நியாயமாகத்தான் தெரிகிறது.

அந்தத் தொடை எலும்புகள் எங்கே போயின என்பதில்தான் இந்தக் கதையின் திருப்பம். நாய் தின்ற எலும்பைப் பற்றி மேலே சொன்னேனே, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாயும் கழுதைப்புலியும் முதலில் தின்பது முனையிலுள்ள மென்மையான, கொழுப்பு ஊறிய மூட்டுப் பகுதியை. நடுத்தண்டு கடினமானது, மனிதர் மச்சைக்காக உடைத்த சில்லுகளாக அது எஞ்சிக் கிடக்கும். ஓர் எலும்பு ஆட்டினுடையதா மானுடையதா, காலா கையா என்று எளிதில் சொல்ல உதவுவது மூட்டு. தண்டுச் சில்லைப் பார்த்து அப்படிச் சொல்வது மிகக் கடினம். அதனால் அக்கால அகழ்வாளர்கள் பலர் பல்லையும் தாடையையும் மூட்டையும் பொறுக்கி வைத்துக்கொண்டு சில்லுகளை மண்ணோடு எறிந்துவிட்டார்கள். எண்ணிப் பார்க்கும்போது கால் எலும்பு இல்லை. உண்மையில் காணாமற்போக்கியவர்கள் நாமே.

இதை எடுத்துக் காட்டியவர்கள் கேர்டிஸ் மேரியன், கிம் என்ற இரண்டு ஆய்வாளர்கள். ஈரானின் சாக்ரோஸ் மலைப்பகுதியில் கோபே என்றொரு குகை. அங்கே சில்லுகளையும் வீசாமல் வைத்திருந்தார்கள். இருவரும் அந்தச் சில்லுகளைப் பொருத்திப் பார்த்து எண்ணி, 1998இல் வெளியிட்டார்கள். காட்டு ஆடுகளின் இறைச்சி மிகுந்த கால் எலும்புகள் வேண்டிய மட்டும் இருந்தன. தண்டுகளில் வெட்டுத் தழும்புகளும் இருந்தன. குகைக்குள் வந்தது மிச்சமல்ல, நல்ல இறைச்சி. ஒரு முழு மனித இனத்தின்மேல் பொறுக்கித் தின்றவர் என்ற பட்டம் விழுந்ததற்கு, குப்பை என்று கருதி எறிந்த சில்லுகளும் ஒரு காரணம்.

இதைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதே வருடம்தான் நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் ஆய்வுகூடத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். முழு எலும்புக்கூடுகளைக் கண்ணாடி அலுமாரியில் பத்திரமாக வைத்தார்கள். மாணவரோடு பதினொரு வருடம் சேர்த்த ஏழு பெட்டி உடைந்த எலும்புகளை, ஒவ்வொன்றிலும் மையால் இலக்கமிட்டவை, "உடைந்ததுகள்தானே ரீச்சர்" என்று மாநகரசபைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பாடசாலையின் பெயர் இங்கே வேண்டாம். அந்தப் பெட்டிகளை இன்றும் நான் மனத்தால் திறந்து பார்ப்பதுண்டு.

சரி, வேட்டைக்கு நேரடிச் சான்று உண்டா? உண்டு. ஜேர்மனியில் நொய்மார்க்-நோர்ட் என்ற இடத்தில், ஏறக்குறைய 120,000 ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஏரிக்கரையில், மான்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒன்றின் இடுப்பெலும்பில் வட்டத் துளை. இன்னொன்றின் கழுத்தெலும்பில் துளை. மரத்தாலான ஈட்டிகளைக் கொண்டு சோதித்துப் பார்த்து, இடுப்பில் இருப்பது கிட்ட நின்று கையால் குத்திய காயத்தோடு பொருந்துகிறது என்று 2018இல் அறிவித்தார்கள். கிட்ட நின்று, ஐயா. மானின் மூச்சுக் கேட்கும் தூரம்.

யானைக்கு வருவோம். 1948இல் ஜேர்மனியின் லேரிங்கன் என்ற ஊரில் ஒரு யானையின் விலா எலும்புகளுக்கிடையே, யூ மரத்தில் செதுக்கிய ஈட்டி கிடைத்தது. ஒரு யானை, ஓர் ஈட்டி. தற்செயல் என்று தள்ளிவிடலாம். நொய்மார்க்-நோர்டில் அப்படித் தள்ள முடியாது. அங்கே 70க்கும் மேற்பட்ட யானைகளின் எலும்புகள். நேர்த்தந்த யானை என்று அதற்குப் பெயர். வளர்ந்த ஆண் 13 தொன் வரை வரும், நம் காட்டு யானையின் இரண்டு மடங்குக்கும் மேல். சபீன கௌட்ஸின்ஸ்கி-விண்ட்ஹொய்சரும் கூட்டாளிகளும் அந்த எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து 2023இல் எழுதினார்கள். எலும்பெங்கும் வெட்டுத் தழும்புகள். பாதத்திலுள்ள கொழுப்பு மெத்தையைக்கூட அறுத்தெடுத்திருக்கிறார்கள். இறந்தவற்றில் பெரும்பாலானவை வளர்ந்த ஆண் யானைகள். நோயாலும் வறட்சியாலும் சாகும் கூட்டத்தில் குட்டிகளும் கிழங்களும்தான் மிகுதியாக இருக்கும். இங்கே தேர்ந்தெடுத்தது போலிருக்கிறது. வளர்ந்த ஆண் தனியே திரியும் என்பது தனியன் யானையை அறிந்த நம் நாட்டவருக்குச் சொல்லத் தேவையில்லை. கூட்டத்துப் பெண் யானைகளை நெருங்குவதைவிட அதைச் சேற்றில் இறக்கி மடக்குவது எளிது. அப்படித்தான் நடந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. பத்துத் தொன் யானை ஒன்று ஒருவருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் 2,500 பங்குக்கு மேல் வரும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவையும் ஏழெட்டுப் பேர் தின்று தீர்க்க முடியாது. எனவே பெரிய கூட்டமாகக் கூடினார்களா, அல்லது இறைச்சியைப் பதப்படுத்தி வைத்தார்களா என்ற அடுத்த கேள்வி பிறக்கிறது.

சில்லுகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. இன்று எலும்பிலுள்ள கொலாஜன் புரதத்தைக் கொண்டே அது எந்த விலங்கினத்துக்குரியது என்று கண்டறிய முடிகிறது. சைபீரியாவின் டெனிசோவா குகையில் விலங்கெலும்பு என்று பைகளில் கட்டி வைத்திருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சில்லுகளை இப்படிச் சோதித்தபோது, இரண்டரை சென்ரிமீற்றர்கூட இல்லாத ஒன்று மனிதக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. 2018இல் அதன் மரபணுவை வாசித்தார்கள். பதின்ம வயதுப் பெண். தாய் நியண்டர்தால், தந்தை டெனிசோவன் என்ற வேறோர் இனம். இரு இனங்களின் நேர்ப் பிள்ளை ஒருத்தி அந்தப் பைக்குள் இருந்திருக்கிறாள்.

கேள்வி: மகனைத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனபோது, லண்டனிலும் நீர்யானை இருந்தது என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மையா? அது குளிர்நாடாயிற்றே?
(ஒரு தாய், தெஹிவளை)

உண்மை. 1950களில் லண்டன் டிரஃபல்கர் சதுக்கத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது நீர்யானை, சிங்கம், நேர்த்தந்த யானை ஆகியவற்றின் எலும்புகள் வந்தன. ஏறக்குறைய 125,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. இரண்டு பனிக்காலங்களுக்கு இடையில் வந்த வெப்பமான காலம் அது. நீர்யானை பகல் முழுவதும் நீரில் கிடக்கும் விலங்கு. மாரியில் ஆறு உறையும் நாட்டில் அதனால் பிழைக்க முடியாது. அங்கே அதன் எலும்பு கிடைக்கிறதென்றால் தேம்ஸ் ஆறு அக்காலத்தில் உறையவில்லை. இதே இங்கிலாந்தில் வேறு மண்படைகளில் ரெயின்டீர் மானும் மம்மூத் யானையும் கிடைக்கின்றன. அந்தப் படை உருவான காலம் கடுங்குளிர். நிலம் ஒன்றே, மேலும் கீழும் படைகள் மாறும்போது விலங்குகள் மாறுகின்றன.

வியப்பான ஒன்று: நீர்யானை வாழ்ந்த அந்த வெப்பகாலத்தில் பிரித்தானியாவில் மனிதர் வாழ்ந்ததற்கு உறுதியான தடயமே கிடைக்கவில்லை. கருவியும் இல்லை, வெட்டுத் தழும்பும் இல்லை. கடல் இன்றைய மட்டத்தைவிட 6 மீற்றருக்கு மேல் உயர்ந்து அதைத் தீவாக்கிவிட்டதே காரணம் என்கிறார்கள். சாப்பாடு அத்தனை இருந்தும் நியண்டர்தால்கள் அக்கரையில் நின்றுவிட்டார்கள்.

உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள். நீர்யானையைப் பார்க்க லண்டன் வரை போக வேண்டாம். இரத்தினபுரியில் இரத்தினக்கல் தோண்டுகிறவர்கள் 'இல்லம்' என்று அழைக்கும் சரளைப் படையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் பற்களும் எலும்புத் துண்டுகளும் வந்திருக்கின்றன. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து பெயரிட்டார். 1939இல் அவர் இலங்கைச் சிங்கத்துக்குப் பெயரிட்டது குருவிட்டவில் கிடைத்த பற்களைக் கொண்டே. இலங்கையின் பழைய நீர்யானைக்குக் கீழ்த்தாடையில் ஆறு வெட்டும்பற்கள். மிருகக்காட்சிச்சாலை நீர்யானை வாய் திறக்கும்போது எண்ணச் சொல்லுங்கள், நான்குதான் இருக்கும். கடல் தாழ்ந்திருந்த காலங்களில் மன்னார்ப் பக்கமாக இந்தியாவோடு நிலத்தொடர்பு இருந்தது. கால்நடையாகவே அவை வந்திருக்கின்றன.

இனி, பெரிய விலங்குகளைவிட நான் நம்புவது சின்னவற்றை. யானையும் குதிரையும் நூறு மைல் நடக்கும்; எலி நடக்காது. அது பிறந்த வயலில் சாகும். சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் கோபுரத்தில் ஒரு கூகை இருந்தது. கீழே கிடக்கும் கறுத்த உருண்டைகளை அதன் எச்சம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் உள்ளே மயிர்க் கட்டு, அதற்குள் மூன்று எலித் தாடைகள், ஒரு மூஞ்சூற்றின் மண்டையோடு, பல்லெல்லாம் முழுசாக. கூகை இரையை விழுங்கி எலும்பையும் மயிரையும் உருட்டிக் கக்கிவிடுகிறது. ஐரோப்பியக் குகைகளின் மேற்புறப் பாறைகளிலும் ஆந்தைகள் தலைமுறை தலைமுறையாக இப்படிக் கக்கியிருக்கின்றன. அந்த மண்ணை மில்லிமீற்றர்க் கண்ணுள்ள அரிதட்டில் நீர்விட்டு அரித்தால் பற்கள் தங்கும். லெம்மிங் என்ற துருவ எலியின் பல் என்றால் மரமற்ற குளிர்வெளி. மரவெலியின் பல் என்றால் காடு. ஒரே குகையில் நியண்டர்தால்கள் இருந்த படைகளில் இரண்டு வகையும் கிடைக்கின்றன. பனிக்கட்டியின் நடுவே மட்டும் வாழ்ந்த மனிதர் என்று படங்களில் வரைவது சரியில்லை. அவர்கள் அடர்ந்த காட்டிலும் வாழ்ந்தார்கள், புல்வெளியிலும் வாழ்ந்தார்கள்.

ஐரோப்பியக் குளத்து ஆமையும் நல்ல சாட்சி. யூலை மாதச் சராசரி 17, 18 பாகை செல்சியசை எட்டாவிட்டால் அதன் முட்டை பொரிக்காது. அதன் ஓட்டில் ஒரு சிறு துண்டு கிடைத்தால் கோடை வெப்பநிலைக்குக் கீழெல்லை கையில் வந்துவிடுகிறது.

கேள்வி: இலங்கையில் நியண்டர்தால்கள் வாழ்ந்தார்களா?
(பத்தாம் வகுப்பு மாணவி, மருதானை)

இல்லை, மகள். இங்கே கிடைத்த பழைய மனித எலும்புகள் எல்லாம் நம் இனத்தவருடையவை. புளத்சிங்களவிலுள்ள பாகியங்கல குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் குரங்கையும் மரஅணிலையும் சிறப்பாக வேட்டையாடினார்கள் என்று 2019இல் ஆய்வு வெளிவந்தது. குரங்கெலும்பிலேயே அம்புமுனையும் செய்தார்கள். ஆனால் ஆபிரிக்காவுக்கு வெளியேயுள்ள மக்கள் எல்லோரையும்போல உங்களிடமும் என்னிடமும் ஒன்றிரண்டு வீதம் நியண்டர்தால் மரபணு இருக்கிறது.

கேள்வி: அவர்களுக்குச் சமையல் முறை என்று ஏதாவது இருந்ததா, அல்லது கிடைத்ததைச் சுட்டுத் தின்றார்களா?
(இல்லத்தரசி, பம்பலப்பிட்டி)

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. முதலில் கொழுப்பைப் பற்றி. மெலிந்த இறைச்சியை மட்டும் தின்றுகொண்டிருந்தால் உடம்பு தாங்காது, கொழுப்பு வேண்டும். எங்கள் வீடுகளில் காய்ச்சல் தேறியவருக்கு எலும்புச் சூப்பு வைப்பதில்லையா? மூட்டு எலும்பைத் தட்டி உடைத்து மணிக்கணக்காக அவிய விட்டால் மேலே மஞ்சளாக நெய் மிதக்கும். நொய்மார்க்-நோர்டின் இன்னொரு பகுதியில் 125,000 ஆண்டுகளுக்கு முன் நியண்டர்தால்கள் இதைத்தான் செய்திருக்கிறார்கள். குறைந்தது 172 பெரிய விலங்குகளின் எலும்புகளை, குதிரை, மான், காட்டெருது, ஒரு சிறிய இடத்துக்குக் கொண்டுவந்து, மச்சையை எடுத்த பிறகு மூட்டுகளை விரல்நுனியளவு துண்டுகளாக நொறுக்கியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு நொறுக்குவதற்கு நீரில் காய்ச்சி நெய் எடுப்பதைத் தவிர வேறு நோக்கம் தெரியவில்லை. 2025இல் வந்த ஆய்வு இது. சட்டி கிடையாது, தோலிலோ மரப்பட்டையிலோ நீர் வைத்துக் காய்ச்சியிருக்கலாம்.

அதைவிட நுட்பமானது இஸ்ரேலில் அமூத், கெபாரா என்ற இரண்டு குகைகளின் கதை. இடையில் ஏறக்குறைய 70 கிலோமீற்றர். 50,000 முதல் 60,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டிலும் நியண்டர்தால்கள் இருந்தார்கள். ஒரே மாதிரிக் கற்கருவி, ஒரே மாதிரி மான்கள். ஆனால் வெட்டுத் தழும்பு வேறு. அமூத் எலும்புகளில் தழும்புகள் நெருங்கி ஒன்றன்மேலொன்று விழுந்திருக்கின்றன, கெபாராவில் அப்படியில்லை. கருவி மழுங்கியதாலோ, வெட்டியவர் பழகாதவர் என்பதாலோ அல்ல என்று ஆய்வாளர் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அமூத்தில் இறைச்சியைக் காயவைத்தோ, சில நாள் கிடக்கவிட்டோ வெட்டியிருக்கலாம்; காய்ந்த இறைச்சி கத்திக்குப் பிடிகொடாது. அல்லது ஒரே விலங்கைப் பலர் சேர்ந்து வெட்டியிருக்கலாம். எதுவாயினும் தாயிடமிருந்து பிள்ளை பழகிய கைமுறை அது. யாழ்ப்பாணத்து மாமியார் ஆட்டிறைச்சியை எலும்போடு எவ்வளவு சிறிதாக வெட்டச் சொல்வார் என்பதும், கொழும்பில் கடைக்காரர் குற்றியில் போட்டு எப்படித் துண்டாக்குகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டு வீட்டுக் குப்பையையும் என்னிடம் தந்தால் எது எந்த வீடு என்று சொல்லிவிடுவேன்.

இறைச்சியோடு நிறுத்தவில்லை. ஜிப்ரால்டர் குகைகளில் மட்டி ஓடுகளும், வெட்டுத் தழும்புள்ள கடல்நாய் எலும்பும், டொல்பின் எலும்பும், மாடப்புறா எலும்புகளும் உண்டு. ஒன்றை மறைக்கவும் கூடாது: பிரான்சின் மூலா-கேர்சி குகையில் மானையும் தம் இனத்தவரையும் ஒரே முறையில் வெட்டி, ஒரே முறையில் எலும்பை உடைத்திருக்கிறார்கள். பசியா, சடங்கா, பகையா என்பதை வெட்டுத் தழும்பு சொல்வதில்லை.

கேள்வி: அவர்கள் எலும்பில் புல்லாங்குழல் செய்தார்கள் என்பது மெய்யா?
(சங்கீத ஆசிரியை, கொள்ளுப்பிட்டி)

1995இல் ஸ்லோவேனியாவின் திவ்யே பாபே குகையில், இளம் குகைக்கரடியின் தொடை எலும்பு ஒன்று கிடைத்தது. வரிசையாக இரண்டு முழுத் துளைகள். அந்நாட்டு நூதனசாலை அதை நியண்டர்தால் குழல் என்று காட்சிக்கு வைத்திருக்கிறது. நானும் அதை நம்ப ஆசைப்பட்டவள். ஆனால் இரண்டு முனைகளும் கடித்துக் குதறப்பட்டிருக்கின்றன, துளையைச் சுற்றிக் கற்கருவியின் தெளிவான தடம் இல்லை, கருவியே கிடைக்காத வேறு குகைகளிலும் இப்படித் துளைபட்ட கரடி எலும்புகள் உண்டு. கழுதைப்புலியின் பல் என்றே நான் கொள்கிறேன். மறுபக்கத்தவர் இன்னும் வாதாடுகிறார்கள்.

அழகுணர்ச்சிக்குச் சான்று வேண்டுமானால் குரோஷியாவின் கிராபினாவைப் பாருங்கள். வெண்வால் கழுகின் எட்டு நகங்கள், 130,000 ஆண்டுகள் பழையவை. நான்கில் வெட்டுத் தழும்பு. எட்டிலும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த மினுக்கம். கோத்து அணிந்திருக்கிறார்கள் என்பது 2015இல் வந்த ஆய்வின் முடிவு. அந்த நகங்கள் மண்ணிலிருந்து வந்தது நூறு வருடத்துக்கு முன்பு! அவ்வளவு காலமும் ஏனைய விலங்கெலும்புகளோடு ஒரு இழுப்பறைக்குள் கிடந்தன. எவரோ ஒருவர் அவற்றை எறியாமல் வைத்திருந்தார், அவருக்கு என் வணக்கம்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. செத்த காகமொன்றின் எலும்பை எடுத்துச் சேர்க்கப் பார்க்கிறாள். எங்கள் வீடு சைவம். மாமியார் தீட்டு என்கிறார். தடுப்பதா, விடுவதா?
(ஒரு தாய், வெள்ளவத்தை)

காகத்தை விடச் சொல்லுங்கள். தீட்டுக்காக அல்ல, செத்த பறவையில் என்ன நோய் இருக்கும் என்று தெரியாது. காட்டு விலங்குகளின் பாகங்களை வைத்திருப்பதில் சட்டமும் குறுக்கே நிற்கும். ஆனால் பிள்ளையின் ஆசையைத் தடுக்க வேண்டாம். நானும் செவ்வாய், வெள்ளி மரக்கறி மட்டும் சமைக்கும் வீட்டில் பிறந்தவள்தான். என் தாயார் கிணற்றடிக்கு அப்பால் ஓர் இடம் ஒதுக்கித் தந்தார், வேலை முடிந்தால் குளித்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. மாடிவீட்டில் கிணற்றடி ஏது? பல்கனியின் ஒரு மூலை போதும்.

மீன் சாப்பிடும் அயல்வீட்டாரிடம் ஒரு விளைமீன் தலை கேட்டு வாங்குங்கள். மூடியுள்ள பழைய வாளியில் நீர் நிரப்பி அதைப் போட்டுவையுங்கள். கொதிக்க வைக்காதீர்கள், எலும்புகள் கலைந்து உருக்குலையும். வெளிறச் செய்யும் திரவமும் வேண்டாம், எலும்பு மாவாகிவிடும். நான்கைந்து நாளுக்கொருமுறை நீரை மாற்றி, மாற்றும்போது துணியால் வடியுங்கள், சின்ன எலும்புகள் ஓடிவிடாமல். கையுறை கட்டாயம். இரண்டு மூன்று கிழமையில் தசை முழுவதும் கழன்றுவிடும். மணம் இருக்கும், மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வடித்த துணியில் வெள்ளையாக, அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக இரண்டு கற்கள் இருக்கும். அவை எலும்பல்ல, மீனின் காதுக்கல். குறுக்கே தேய்த்துக் கைவில்லையில் பார்த்தால் மரத்தை அறுத்ததுபோல வளையங்கள் தெரியும். பழைய குடியிருப்புகளில் கிடைக்கும் காதுக்கல்லின் கடைசி வளையத்தைக் கொண்டே அந்த மீன் எந்தப் பருவத்தில் பிடிபட்டது என்று சொல்கிறார்கள். மகள் அதைக் கண்டெடுத்தால் எனக்கு ஓர் அட்டை எழுதச் சொல்லுங்கள். எந்த மீன், எந்தச் சந்தை, எந்தத் திகதி என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.